வியாதி எழுத மறந்த நோயாளி

ஜூன் 9, திங்கள்

கல்லூரியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. இறுதியாண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேருக்குத் திருத்தணி கிராமப் பயிற்சி மையத்தில் தொலைமருத்துவம் கற்றுத்தர வேண்டும். வீடியோவில் நோயாளியைப் பார்ப்பது, கேட்பது, போதாது என்று தோன்றினால் நேரில் வரச்சொல்வது. கற்றுத்தரப்போவது நான். சமூக மருத்துவத்தில் உதவிப் பேராசிரியர், வயது நாற்பத்து நான்கு, மணமாகாதவன். இதுவரை வீடியோவில் நான் பேசியது வங்கிக்காரரோடு மட்டும். அவரும் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொன்னாரே தவிர, வேறொன்றும் விசாரிக்கவில்லை.

மையத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் மாணவர், இன்னொன்றில் நோயாளி. நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்ட அழைப்பு எங்கெங்கோ சுற்றி வருகிறது. இன்று சோதித்துப் பார்த்தபோது, ஆந்திரப் பிரதேசம் என்னை அன்போடு வரவேற்பதாகத் தெலுங்கில் செய்தி வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

முதல் நாளே மாணவர்களை உண்மையான நோயாளிகள்மேல் ஏவிவிட மனம் வரவில்லை. நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும்.

ஜூன் 11, புதன்

ஆள் கிடைத்தாயிற்று. ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஸ்டீவன் ஐயா, நான் நர்ஸிடம் புலம்பியதைக் கேட்டுவிட்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கே.ஜி.கண்டிகை; நான் கடைசி பெஞ்சில் உட்காரும் அதே சபையில் முன்வரிசை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் கொடுங்கோல் ராஜா வேடம் அவருக்கே எழுதிவைத்தது.

"டிசம்பருக்கு டிசம்பர் செத்துகினுதான கீறேன் டாக்டரே. ஜூன்ல ஒரு தபா சாவுறதுல இன்னா கஷ்டம்?"

மகளையும் அழைத்து வருகிறாராம். கிருபா. அரசுப் பள்ளி ஆசிரியை. நாடகத்துக்கு வசனம் எழுதுவதும், அப்பா மறக்கும் இடத்தில் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுப்பதும் அவர்தானாம். பள்ளி விட்டதும் நாலரைக்கு வருவார்கள்.

ஜூன் 13, வெள்ளி

முதல் வகுப்பு. கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும், வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதலில் பெயரையும் இருக்கும் இடத்தையும் கேளுங்கள், அழைப்பு அறுந்தால் கூப்பிட வேறொரு எண் வாங்குங்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொள்வதற்கும் செய்வதற்கும் இடையே ரூபஸ் என்ற மாணவன் இருக்கிறான்.

ரூபஸ் ஆறடி உயரம், அதற்குக் குறையாத தன்னம்பிக்கை. போனை மேசைமேல் மல்லாத்தி வைத்தான். நோயாளிக்கு ஒரு மின்விசிறியும் இரண்டு மூக்குத் துவாரங்களும் தெரிந்தன. ஸ்டீவன் ஐயாவுக்கு நெஞ்சுவலி. எங்கே இருக்கிறார் என்று கேட்டு, 108ஐ அங்கே அனுப்பிவைப்பதுதான் பாடம். ரூபஸ் வலியின் தன்மையைக் கேட்டான், தூக்கத்தைக் கேட்டான், பரம்பரையைக் கேட்டான், சாப்பாட்டில் உப்பைக் கேட்டான். அதற்குள் ஐயா இறந்துவிட்டார். இறப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம் விசாரணையைவிட அதிகம். ஒருமுறை நாற்காலியிலிருந்து விழுந்தவர், கேமராவுக்கு வெளியே போய்விட்டதை உணர்ந்து, எழுந்து வந்து மீதியை முடித்தார்.

அடுத்து கிருபா டீச்சர். மூன்று நாள் காய்ச்சல். குரலைத் தாழ்த்திப் பேசினார், சாவதற்கு முயலவில்லை. சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் லேசாக ஏறித் தெரிகிறது. இதை மருத்துவக் குறிப்பாகவே எழுதுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று தலைப்பு: கூட இருப்பவர்கள். இந்தப் பக்கத்தில் நோயாளி தனியாகப் பேசும் வீடியோ அழைப்பு என்று ஒன்று கிடையாது. மாமியார், மச்சான், பக்கத்து வீட்டுப் பிள்ளை, எல்லோரும் ஒரு செவ்வகத்துக்குள் அடங்கிக்கொள்வார்கள். கேள்வி நோயாளிக்கு, பதில் மற்றவர்களிடமிருந்து. ஸ்டீவன் ஐயாவைக் கூட இருப்பவராக நடிக்கச் சொன்னேன். நடிக்கவே இல்லை, இயல்பாக இருந்தார். கிருபா டீச்சரிடம் எதைக் கேட்டாலும் "நான் சொல்றேன் டாக்டர்" என்று முகத்தை உள்ளே நீட்டினார்.

அதோடு போகவில்லை. முடிவில் "ஜெபிப்போம்" என்றார்.

எங்கள் சபைகளில் ஒருவரிடம் நேரில் சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்வது வழக்கம். சொல்லப்படுபவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பதில் பேச முடியாது; ஏனென்றால் பேசுவது அவரோடு அல்ல, ஆண்டவரோடு. மாணவி கல்பனாவுக்கு நடந்தது: "ஆண்டவரே, இந்தப் பொண்ணு நல்லா கேக்குது, ஆனா ரயிலு மாதிரி ஓடுது, கொஞ்சம் நிறுத்திப் பேச கிருபை தாரும்." பள்ளிப்பட்டுப் பெண் கல்பனா. அவள் வீட்டில் முருகனைத்தான் கும்பிடுவார்கள். இருந்தாலும் ஆமென் சொன்னாள். நான் எழுதவிருந்த குறையும் அதுதான்.

ரூபஸ் முறை வந்தது. ஐயாவின் ஜெபம் நீண்ட மௌனத்தில்தான் தொடங்கும். திரையில் இருவர் கண் மூடி அசையாமல் இருந்தார்கள். ரூபஸ் இணைப்பு உறைந்துவிட்டது என்று நினைத்துத் துண்டித்துவிட்டான். பக்கத்து அறைக் கதவு திறந்தது.

"ஜெபத்துல கைய வச்சிட்டான் டாக்டரே. மெட்ராஸ் மெயில கூட நான் அப்டி நிறுத்தனதில்ல."

ரூபஸும் கிறிஸ்தவக் குடும்பம்தான். அதுதான் அவருக்கு இன்னும் பெரிய வருத்தம்.

ஜூன் 19, வியாழன்

உறைந்த திரையையும் ஜெபிக்கும் மனிதரையும் பிரித்தறிய மாணவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நோயாளிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்க்க வேண்டும். விசிறிக் காற்றில் தாள் அசைந்தால் ஜெபம். அசையாவிட்டால் இணைப்புக் கோளாறு. பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டேன். எந்தப் பாடநூலிலும் இது இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஜூன் 24, செவ்வாய்

ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும், நோயாளியாக இருந்தவர் எப்படி உணர்ந்தார் என்று மாணவரிடம் சொல்ல வேண்டும். கிருபா டீச்சர் ரூபஸிடம் சொன்னது: "நீங்க என்னிய பாக்கல தம்பி. ஓரத்துல உங்க மூஞ்சி சின்னதா தெரியுதில்ல, அதத்தான் பாத்துகினு இருந்தீங்க. ரெண்டு தபா தலய வேற சரிபண்ணீங்க."

ரூபஸ் சிவந்தான். சொந்த முகம் தெரியும் கட்டத்தை மறைத்து வைக்கும்படி எல்லோரையும் அறிவுறுத்தினேன். பிறகு என் கணினியில் மறைக்கப் போனபோது என் தலை கண்ணில் பட்டது. முன்புறம் முடி ஏன் இப்படிப் போயிற்று? இது எப்போதிலிருந்து? யாரும் ஏன் சொல்லவில்லை?

ஜூன் 28, சனி

பஜாரில் சட்டை எடுத்தேன். இளநீலம். வீடியோவில் கட்டம்போட்ட சட்டை கண்ணை உறுத்தும் என்பது அறிவியல்.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்டீவன் ஐயா இருமல் நோயாளியாக நடிப்பதற்கு முன் சாதாரணமாகச் சொன்னார். கிருபாவுக்கு இடமாறுதல் கிடைத்துவிடும் போலிருக்கிறது. கோயம்புத்தூர். அங்கே தங்கை ப்ளெஸ்ஸி இருக்கிறாள். இவரையும் அங்கேயே அழைத்துக்கொள்வார்களாம். கலந்தாய்வு இருபத்து மூன்றாம் தேதி, திருவள்ளூரில்.

"இங்க இன்னா கீது டாக்டரே எங்கள புடிச்சி வைக்க?" என்று கேட்டார்.

நான் இருமலின் வகைகளை விளக்கினேன்.

ஜூலை 3, வியாழன்

இங்க இன்னா கீது. நல்ல கேள்விதான்.

ஜூலை 8, செவ்வாய்

நோயாளியாக நடிப்பவர்களுக்கு நான் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தருவேன். யார், வயதென்ன, தொல்லை என்ன, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது என்ன. இன்று கல்பனா கிருபா டீச்சருக்கான பக்கத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"சார், இந்த கேஸ்ல வியாதி எங்க?"

வாங்கிப் பார்த்தேன். நோயாளி முப்பத்தொன்பது வயது ஆசிரியை. காலையில் எழுந்ததும் ரேடியோ கேட்பார். பிள்ளைகள் கணக்கில் தப்புப் போட்டால் கோபம் வராது, சிரிப்பு வரும். தேநீரில் சர்க்கரை குறைவு. மழைக்கு முன்னால் மண்வாசம் வந்தால் வகுப்பை இரண்டு நிமிடம் நிறுத்துவார். இப்படி முழுப் பக்கம். வியாதி எதையும் எழுதவில்லை. மறந்துவிட்டேன்.

"தைராய்டு," என்றேன்.

"எழுதிக்கட்டுங்களா சார்?"

"எழுதிக்கம்மா."

எழுதிக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "சார், இருபத்து மூணாந் தேதிக்குள்ள சொல்லிடுங்க." மெதுவாகத்தான் சொன்னாள். நிறுத்தி, அழுத்தி, ஒவ்வொரு சொல்லாக. ஐயாவின் ஜெபம் கேட்கப்பட்டிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் கிருபா டீச்சர் தனியாக நின்றிருந்தார். போனேன். நல்ல வெயில் என்றேன். ஆங் என்றார். மையத்தில் இணைய வேகம் இப்போது பரவாயில்லை என்றேன். சந்தோஷம் என்றார். பதிவிறக்கத்துக்கும் பதிவேற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டார். அந்தப் பொறுமையை நினைத்தால்தான் நம்பிக்கை வருகிறது.

நாற்பத்து நாலு வயசு. என்னடா பயம் உனக்கு? சிரிச்சிடுவாங்கன்னா? சிரிச்சா அந்தப் பல்லாவது தெரியுமே.

ஜூலை 17, வியாழன்

தேர்வு. பன்னிரண்டு பேரும் தேறினார்கள். ரூபஸைப் பற்றி எழுதியாக வேண்டும். கேமரா கண் உயரத்தில். பெயர் கேட்டான், ஊர் கேட்டான், வேறு எண் வாங்கினான். கிருபா டீச்சருக்கு வயிற்றுவலி. எங்கே அமுக்க வேண்டும் என்று தன் வயிற்றிலேயே காட்டி, அவரை அமுக்கச் செய்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஸ்டீவன் ஐயா வழக்கம்போல உள்ளே நுழைந்தார். ரூபஸ் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, உங்ககிட்டயும் கேக்கறேன், கொஞ்சம் பொறுங்க. இப்ப அவங்கள கேட்டிருக்கேன். அவங்க சொல்லட்டும்." கடைசியில், இது வீடியோவில் முடிகிற விஷயமில்லை, இன்றே நேரில் வந்துவிடுங்கள் என்றான். ஜெபத்துக்கும் காத்திருந்தான். காலண்டரைப் பார்த்தபடி.

முழு மதிப்பெண் போட்டேன். கண் கொஞ்சம் கலங்கியது. தூசி என்று எழுதலாம்தான். மையத்தை நேற்றுதான் கழுவினார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன். 

இன்று கிருத்திகை. மலையடிவாரத்தில் எங்கள் மையத்தின் முதலுதவிப் பந்தல். நானும் மாணவர்களும் விடியலிலிருந்து அங்கேதான். வெயிலில் மயங்கியவர்கள், காவடி தூக்கித் தோள் புண்ணானவர்கள், படியில் கால் பிசகியவர்கள். ஆராதனைக்குப் பிறகு கே.ஜி.கண்டிகைக்குப் போய் நேரிலேயே பேசுவது என்பது என் திட்டம். பந்தலை விட முடியவில்லை. கலந்தாய்வோ புதன்கிழமை. மதியம் கூட்டம் சற்றுக் குறைந்ததும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று ஸ்டீவன் ஐயாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன்.

ஐயா முகம் பெரிதாக வந்தது. பின்னால் கதவோரம் கிருபா டீச்சர், சுவரில் காலண்டர். நலம் விசாரித்தேன். பிறகு ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். "ஐயா, உங்கள் மகளை எனக்கு மணம் செய்து தர உங்களுக்குச் சம்மதமா?" கல்வெட்டில் இருப்பதுபோல வந்தது, ஆனால் வந்துவிட்டது.

ஐயா என்னை உற்றுப் பார்த்தார். "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார். டீச்சரும் மூடினார். நானும் மூடினேன்.

மௌனம். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். இருவரும் அசையவில்லை. காலண்டரும் அசையவில்லை. தாளில் ஒரு சிலிர்ப்புகூட இல்லை. பாடத்திட்டத்தில் நானே சேர்த்த விதி. உறைந்துவிட்டது. மறுபடி கூப்பிடலாம் என்று துண்டித்தேன்.

மறுபடி போகவில்லை. மலைமேல் இருந்த கூட்டம் முழுக்கக் கோபுரத்தை வீடியோவில் வீட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு டவரில் இடமில்லை. அப்போதுதான் பக்கத்தில் ரூபஸ் யாரிடமோ சொல்வது கேட்டது: கே.ஜி.கண்டிகைப் பக்கம் காலையிலிருந்தே கரண்ட் இல்லையாம்.

கரண்ட் இல்ல. விசிறி ஓடல. அதான் காலண்டர் ஆடல. ஐயோ, ஜெபத்தையா கட் பண்ணேன்? பொண்ணு கேட்டுட்டு, அவரு கண்ண மூடினதும் — எவனாவது பண்ணுவானா இத?

என் முகத்தைப் பார்த்துக் கல்பனா ஓடி வந்தாள். சொன்னேன். பன்னிரண்டு பேர் கேட்கும்படி சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

"நேர்ல போங்க சார்," என்றாள். "இதுக்கு வீடியோ பத்தாது." ரூபஸ் வண்டிச் சாவியை நீட்டினான். பந்தலைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தேர்வில் தேறியவர்கள், நம்பினேன்.

மஞ்சள் உடுத்திய கூட்டம் மலையை நோக்கி வர, நான் ஒருவன் மட்டும் எதிர்த்திசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வழி தவறிய பக்தன் என்று நினைத்து ஒரு அம்மா என் நெற்றியில் சந்தனம் அப்பி, "அழுவாத நைனா, அவன் பாத்துப்பான்" என்றார். நான் அழவில்லை. வியர்வை. சட்டை இளநீலம் என்பதால் நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஐயா வீட்டு வாசலில் அதே காலண்டரைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

"எங்க பூட்டீங்க டாக்டரே? உங்களுக்காக ரொம்ப நேரம் ஜெபிச்சேன். நல்லா வந்திச்சி. ஆமென் சொல்லிட்டு பாத்தா ஆள காணோம்."

என்ன ஜெபித்தார் என்று கேட்டேன். ஆண்டவரிடம் சொன்னதை மனிதரிடம் திருப்பிச் சொல்லும் வழக்கம் இல்லையாம். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சபைக்காரன் சந்தனத்தோடு பெண் கேட்டு வந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசித்திருக்கலாம்.

கிருபா டீச்சர் கதவோரம் வந்தார்.

"நைனாவ கேட்டீங்க. என்னிய கேக்கவே இல்லியே டாக்டர்."

வண்டி ஸ்டாண்டு சரியாக விழாமல் சாய்ந்தது. பிடிக்கவில்லை. சாயட்டும். ஒரு மாதமாக நான் பன்னிரண்டு பேருக்குச் சொன்னதை, ரூபஸ் முழு மதிப்பெண் வாங்கியதை —

"கோயம்புத்தூர் போவாதீங்க டீச்சர்," என்றேன்.

"அது கேள்வி இல்லியே."

"என்னக் கட்டிக்கிறீங்களா?"

ஐயா வாயைத் திறந்தார். மகள் திரும்பிப் பார்த்தார். ஐயா வாயை மூடிக்கொண்டு காலண்டரை விசிறினார். டீச்சர் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும் துண்டும் கொண்டுவந்து கொடுத்தார். "என்னிய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. வரவங்க எல்லாம் நைனாகிட்ட பேசுவாங்க, அவரு பதில் சொல்லுவாரு, அதோட முடிஞ்சிடும். எனக்கு யோசிக்கணும். புதன்கிழம கலந்தாய்வுக்கு போய்ட்டு வந்து சொல்றேன்."

இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. சிரித்தாரா? சொம்பு மறைத்துவிட்டது.

ஜூலை 21, திங்கள்

தூக்கமில்லை. பந்தலில் மிஞ்சிய உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்தேன். பலனில்லை.

ஜூலை 22, செவ்வாய்

தேர்வு முடிந்தாலும் பயிற்சி மாதக் கடைசி வரை உண்டு. இன்று தலைப்பு: சொன்ன ஆலோசனையை நோயாளி வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்வது. நான் சொன்னதையே நான் இரண்டு முறை தவறாகச் சொன்னேன். யாரும் திருத்தவில்லை. பன்னிரண்டு பேரும் நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்: கண் உயரத்தில், கனிவோடு, குறுக்கிடாமல். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 23, புதன்

நாலரைக்கு வரவில்லை. நாலே முக்காலுக்கும் இல்லை. திருவள்ளூரிலிருந்து பேருந்து நேரம் எல்லோருக்கும் தெரியும்; ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாணவர்கள் படிக்காத புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஐந்தரைக்கு வந்தார். கையில் குடையும் பையும். நேராக நோயாளி அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் போனேன். கல்பனா வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள். மாணவர் அறைத் திரையை ரூபஸ் தானாகவே அணைத்தான் என்று பிறகு சொன்னார்கள்.

"கோயம்புத்தூர்ல ரெண்டு எடம் காமிச்சாங்க. ஒண்ணு ப்ளெஸ்ஸி வீட்டுக்குப் பின்தெரு."

நான் காத்திருந்தேன். குறுக்கிடவில்லை.

"வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன்?" என்று கேட்டேன். கேட்டேனே!

"ஏன்னு கேக்கறதுக்கா இவ்ளோ படிச்சீங்க?" என்று சிரித்தார். பல் தெரிந்தது.

நன்றி என்றேன். இதற்கு யாராவது நன்றி சொல்வார்களா? கையை நீட்டினார், கேஸ் தாளைக் கேட்கிறார் என்று நினைத்துத் தாளைக் கொடுத்தேன். அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடி கையை நீட்டினார்.

பிறகு பேருந்து நிலையம் வரை தனியாக நடந்தேன். அரக்கோணம் பேருந்து எது என்று கேட்ட பெரியவரை ஏற்றிவிட்டேன். நானும் ஏறிவிட்டேன். பயணச்சீட்டும் வாங்கினேன். அரக்கோணத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நல்ல ஊர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனையில் எங்கள் திருமண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். கடைசி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் மாணவர்கள் வரிசையாக, இஸ்திரி போட்ட உடையில். தடை சொல்ல யாராவது உண்டா என்று ஆயர் கேட்டு நிறுத்தினார். அந்த அமைதியில் முன்வரிசையில் ஸ்டீவன் மாமா இருமினார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று காட்டினார்.

உண்மையான இருமல்தான், மூன்று நாளாக இருக்கிறதாம். நாளைக் காலை நேரில் வரச்சொல்லியிருக்கிறேன். கிருபா அழைத்து வருகிறாள்.